காக்காய்க் கடி

கோவில்பட்டியில் ஒன்றாம் வகுப்பு டீச்சரின் மேசையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா இருக்கும். அதில் ஊசிகள். எந்தப் பிள்ளையாவது கடலை மிட்டாய்த் தூள் பட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தால் டீச்சர் தொடையில் ஒரு ஊசியைக் குத்திவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பேர் போன ஊருக்கு இப்படி ஒரு தலையெழுத்து.

இதற்குக் காரணம் ஒரு நல்ல காரியம். பொதுவாகவே நல்ல காரியங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

இருபது வருடங்களுக்கு முன்னால் அரசாங்கம் ‘புண்ணில்லா வயிறு’ என்று ஓர் இயக்கம் நடத்தியது. மனிதனின் இரைப்பையில் பைலோரி என்றொரு பாக்டீரியா காலங்காலமாகக் குடியிருந்தது. ஊரில் பாதிப் பேர் வயிற்றில் அது உண்டு. பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு அல்சர் தரும். வெகு சிலருக்குப் புற்றுநோய். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லாது, அந்த விஷயத்தில் மகா கமுக்கம். ஆகவே ஊர் ஊராக முகாம் போட்டு, எல்லோரையும் ஒரு பையில் ஊதச் சொல்லி, கிருமி இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்து அதை அடியோடு ஒழித்தார்கள். வயிற்றுப் புற்றுநோய் குறைந்தது, மந்திரிக்கு மாலை விழுந்தது. நிறைய உயிர்கள் பிழைத்தன என்பதில் பொய் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வினை ஆரம்பித்தது. பால் ஆகாது, முட்டை ஆகாது, பூனை ஆகாது, மல்லிகைப்பூ ஆகாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலை ஆகாது.

என் பெயர் ஜெபசிங். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவன், அதனால் ஊருக்கு நானும் டாக்டர். ஒழித்த கிருமியைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் சத்தமில்லாமல் திறந்த ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. வாசலில் போர்டு கிடையாது. ஒழித்துவிட்டோம் என்று விழா எடுத்த பொருளைத் தேட ஆள் போட்டிருக்கிறோம் என்று எந்த அரசாங்கம் போர்டு மாட்டும்?

வாரத்துக்கொரு தரம் என்னிடம் வந்து சண்டை போடுபவர் செண்பகவல்லி. ஊரில் பெரிய மிட்டாய்ப் பட்டறை அவருடையது. ஒரே மகள் நிறைமதிக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளைக்காக வீட்டைப் பட்டறையிலிருந்து ஊரின் மறுகோடிக்கு மாற்றியிருந்தார். வேலை முடிந்து வந்தால் குளித்து உடை மாற்றாமல் மகளைத் தொடமாட்டார். அப்படியும் ஒரு நாள் அவர் கூந்தலில் ஒட்டியிருந்த கடலைத் தூள் பிள்ளையை ஐசியுவில் படுக்க வைத்துவிட்டது.

“அடுத்த தடவை ஊசி கேக்குமான்னு சொல்ல முடியாதாம்” என்றார் அன்று என் எதிரில் உட்கார்ந்து. “எம் பிள்ளைக்கு நானே வெசம், டாக்டர். ஏதாவது செய்யுங்க.”

அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செய்யலாம்தான். பைலோரி வயிற்றில் இருக்கும் வரை பிள்ளைகளின் உடம்பு இப்படிக் கண்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் உறைபெட்டியில் இருந்ததெல்லாம் பல தலைமுறையாகக் கண்ணாடித் தட்டில் வளர்ந்த சோம்பேறிக் கிருமிகள். வயிற்றுக்குள் போனால் இரண்டு நாள் தாங்கவில்லை. ஒரு நிஜ மனிதனின் நிஜ வயிற்றில் பல வருடம் பிழைத்த கிருமிதான் வேண்டும். அப்படி ஒரு வயிற்றை எங்கே தேடுவது? அதற்காக நான் வாராவாரம் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தேன். என் அம்மாவிடம் மட்டும் ‘ஆராய்ச்சி’ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் அதில் பைலோரியின் தடயம் கிடைத்தது. சாக்கடையின் போக்கிலேயே மேலேறிப் போய், பஸ் டிப்போவின் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றேன். டிப்போவில் இருந்த பெண்கள் இரண்டே பேர். ஆபீஸ் கிளார்க்கின் வயிறு சுத்தம். இன்னொருவர் கண்டக்டர் மாடத்தி.

ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, “எனக்குத் தெனம் முந்நூறு பேரோட சண்டை இருக்கு, வீட்டுலயும் எதுக்கு?” என்று பதில் சொல்பவர். கழுத்தில் விசில், தோளில் பை. நான் பையை நீட்டி ஊதச் சொன்னதும் முறைத்தார்.

“குடிச்சிருக்கேனான்னு பாக்கவா? அதை டிரைவர்ட்டப் பாருங்க டாக்டரே.”

“வயித்துக் கிருமிக்கு.”

“அது இருக்கும்” என்றார் சர்வசாதாரணமாக.

நான் வாயைப் பிளந்தேன். ஒரு மாநிலமே தேடிக்கொண்டிருந்த சமாசாரம். “அந்த முகாமில் மாத்திரை தரலையா உங்களுக்கு?”

“தந்தாக. வரிசையா நிக்க வச்சு, மாத்திரையைக் கையில குடுத்து, அங்கனேயே முழுங்கச் சொன்னாக. எனக்கு முன்னால இருந்தவுகளுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி. எம் முறை வந்ததும் அந்தப் பொண்ணு என் தெருப் பேரைப் பாத்தா. மேசைக்கடியில குனிஞ்சு ஒரு காகிதக் கப்பை எடுத்தா. எனக்கு மட்டும்.” மாடத்தி விசிலைத் துடைத்துக்கொண்டார். “மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, பஸ் சாத்தூர் தாண்டினதும் ஜன்னல் வழியாத் துப்பிட்டு, வீட்டுக்குக் குடுத்துவிட்ட மிச்ச மாத்திரையையும் எறிஞ்சுட்டேன். அடுத்த முகாமுல எம் பேர் எழுதின பையில எங்க டிரைவர் ஊதிக் குடுத்தாரு.”

ஒரு காகிதக் கப்பின் புண்ணியத்தில் ஒரு ஜீவராசி பிழைத்துக் கிடந்திருக்கிறது. இதை எந்த ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது?

அவரை மையத்துக்கு அழைத்து வந்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, வயிற்றிலிருந்து கிருமியை எடுத்தோம். குழாய் விட்ட வயிற்று டாக்டர் வெளியில் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல செய்தி, கிருமி அருமையாக இருக்கிறது. கெட்ட செய்தி, இரைப்பைச் சுவரில் சில இடங்கள் குணம் மாறத் தொடங்கியிருக்கின்றன. இன்னும் புற்றுநோய் இல்லை. கிருமியை இப்போதே கொன்றால் அதோடு நிற்கலாம். விட்டால் நிச்சயம் சொல்ல முடியாது.

மாடத்தியிடம் அப்படியே சொன்னேன். அவர் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இவ்வளவு வருசம் உள்ள இருந்திருக்கானே, என் உடம்பு அவனைப் பிடிக்காமலா விட்டுது?”

“உங்க பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வர்றவன் எப்படித் தப்பிப்பான்?”

மாடத்தியின் முகம் மலர்ந்தது. அவரது சொந்தப் பாடம். “வித்தவுட்டா? பல வகை இருக்கு. செக்கர் ஏறும்போது தூங்குற மாதிரி நடிப்பான். ‘ஸ்டாஃப்’னு அடிச்சு விடுவான். கூட்டத்துல இன்னொருத்தன் பின்னால ஒளிஞ்சுக்குவான்.”

“இவன் எல்லாத்தையும் செய்வான். முதல்ல உங்க வயித்துல அமிலம். இரும்பையே அரிக்கிற அமிலம். இவன் தன்னைச் சுத்தி அம்மோனியா விட்டு அமிலத்தை முறிச்சுக்கிட்டு, வழவழன்னு இருக்கிற சளிப் படலத்துக்குள்ள போய் உக்காந்துக்குவான். அடுத்தது உடம்போட எதிர்ப்புப் படை. அது கிருமியோட வாலைப் பார்த்துத்தான் அடையாளம் பிடிக்கும். இவன் வால் மத்த கிருமி வால் மாதிரி இருக்காது. படைக்குக் கண்ணே தெரியாது. அப்புறம், உங்க உடம்பு செல் மேல இருக்கிற அதே சர்க்கரையைத் தன் மேல பூசிக்குவான்.”

“ஸ்டாஃப்புன்னு யூனிஃபாரம் போட்டுக்கிட்டான்.”

“ஆமா. நம்ம செல்லுல இருந்து கொழுப்பைத் திருடிப் போர்த்திக்குவான். எல்லாத்துக்கும் மேல ஒரு வேலை செய்வான், அதுதான் நமக்கு வேண்டியது. படையோட அதிகாரிகளைச் சிநேகம் பிடிச்சு, ‘இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லை, அமைதியா இருங்க’ன்னு சொல்ல வைப்பான்.”

“செக்கருக்கு டீ வாங்கிக் குடுத்துட்டான்.”

“அதேதான். டீ குடிச்ச செக்கர் இவனை மட்டுமா விடுவார்? கடலை, பால், முட்டைன்னு அப்பாவிப் பயணிகளையும் சும்மா விட்டுருவார். இவனைத் துரத்தின பிறகு செக்கருக்கு வெறி பிடிச்சுப் போச்சு. டிக்கெட் வச்சிருக்கிறவனையும் அடிக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கிறது அதுதான்.”

மாடத்தி வயிற்றைத் தடவிக்கொண்டார். “பய சாமர்த்தியசாலிதான். ஆனா என்னையக் கொன்னுருவான்ங்கீங்க.”

“கொன்னாலும் கொல்வான். இவனை வளர்த்துக் கேப்சூலாக்கி ஒரு மிட்டாய்க்காரம்மா பிள்ளைக்குக் குடுத்துப் பார்க்கிறோம். பிடிக்கலைன்னா மறுபடி உங்ககிட்ட இருந்துதான் எடுக்கணும். அது வரைக்கும்தான். அங்க வேர் பிடிச்சதும் நீங்க மருந்து எடுத்துக்கணும்.”

“சரி. அது வரைக்கும் ஓடட்டும்” என்றார். இவ்வளவு எளிதில் யாரும் எனக்குச் சம்மதம் தந்ததில்லை.

நான் ஒரு மடத்தனம் செய்தேன். கிருமி கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் பார்த்தால் நன்றாக இருக்குமே என்று, முதல் கேப்சூல் கொடுக்கும் நாளில் மாடத்தியைச் செண்பகவல்லி வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

வாங்க வாங்க என்று உபசாரம் பலமாக இருந்தது. பேச்சோடு பேச்சாக, “உங்களுக்கு எந்தத் தெரு?” என்று விசாரிப்பும் நடந்தது. காப்பி வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர். மாடத்திக்குக் காகிதக் கப்.

“வெளியாளுக்குன்னா நாங்க புதுசுலதான் குடுக்கது” என்றார் செண்பகவல்லி. நானும் வெளியாள்தான் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. மாடத்தி காப்பியைக் குடித்தார், கப்பைக் கசக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் டம்ளர் கையில் சுட்டது.

நிறைமதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான, கண் பெருத்த பிள்ளை. பள்ளிக்கூடம் கிடையாது, கூட விளையாட ஆள் கிடையாது. யார் சட்டையில் எந்த மிட்டாய்த் தூள் இருக்கும் என்று யார் கண்டது? அவளுக்கு மாடத்தியின் விசில் மேல் ஆசை வந்துவிட்டது.

“அத்தை, ஒரே ஒரு தடவை ஊதட்டா?”

மாடத்தி விசிலைக் கழற்றினார். செண்பகவல்லி ஓடி வந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அடுத்தவுக வாயில வச்சதை வைக்கக் கூடாது, எச்சி.”

என்னை அடுக்களைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “டாக்டர், அந்தக் கேப்சூல்ல அந்தம்மா எச்சி ஒண்ணும் கலந்திருக்காதே?”

“நாலு தடவை கழுவித்தான் அடைச்சிருக்கோம்” என்றேன்.

வயிற்றில் இருக்கும் கிருமி வேண்டும், வாயில் இருக்கும் எச்சில் வேண்டாம். இந்த நாட்டில் விஞ்ஞானம் வளர்வதற்கு எதுவும் தடையாக இருக்காது, எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தால் போதும்.

கேப்சூல் பிடிக்கவில்லை. நாலாவது நாள் பிள்ளையை ஊதச் சொன்னால் சுத்தம். இரண்டாவது தரம் வேறு பக்குவத்தில் வளர்த்துக் கொடுத்தோம். அதுவும் போயிற்று.

“என்னவே ஆச்சு?” என்று மாடத்தி டிப்போவிலிருந்து நேரே வந்து கேட்டார். சினம் வந்தால் அவர் மரியாதை இறங்கிவிடும்.

“உங்க ஆள் தட்டில் வளரும்போதே கெட்டுப் போறான். அங்க சாப்பாடு உண்டு, எதிரி கிடையாது. செக்கரே ஏறாத பஸ். கொஞ்ச நாளில் வித்தைகளையெல்லாம் மறந்துடறான். அப்புறம் பிள்ளை வயித்துக்குள்ள போனதும் முதல் ஸ்டாப்பிலேயே மாட்டிக்கிறான்.”

“அப்ப ஆளுக்கு ஆள் நேராப் போனாத்தான் உண்டு.”

“அந்தக் காலத்தில் அப்படித்தான் போச்சு. அம்மா கடிச்சுக் கொடுத்தது, ஒரே டம்ளரில் குடிச்சது. இப்ப உங்க வயித்து நீரை எடுத்து நேரா அவளுக்குக் குழாயில் விடலாம்னு மேலிடத்துல கேட்டேன். குழந்தை விஷயம், கூடவே கூடாதுன்னுட்டாங்க. செண்பகவல்லியம்மாவிடம் கேட்டேன்.”

“அவுக என்ன சொன்னாக?”

நான் உறைபெட்டியைத் திறந்து தட்டுகளை எண்ணினேன். “மூணாவது கேப்சூல் ஒண்ணு தயார் பண்றோம். அதுக்காக நீங்க காத்திருக்க வேண்டாம் மாடத்தியம்மா. டாக்டர் தினமும் என்னைத் திட்டுகிறார். மாத்திரையை ஆரம்பிங்க.”

“பொறும்வே” என்றார். அவர் வயிற்றுக்கு நான் பயந்த அளவு அவர் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். எழுந்து போகும்போது கை வயிற்றின் மேலேயே இருந்தது.

மூன்றாவது கேப்சூலை மையத்தில் வைத்தே கொடுத்தோம். செண்பகவல்லி உள்ளே டாக்டரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். மாடத்தியும் அன்று வந்திருந்தார், டியூட்டி முடிந்து, சேலை மேல் போட்ட காக்கிச் சட்டையோடு. ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே புங்க மர நிழலில் பெஞ்சில் மாடத்தியும் நிறைமதியும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதனால் அதற்கு மேல் எதையும் நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மாடத்தி வந்து மேசை முன் கையை நீட்டினார். “குடுங்க உங்க மாத்திரையை.”

“என்ன திடீர்னு ஞானோதயம்?”

“உசுரு வெல்லமா இல்லையா எனக்கு?”

இரண்டு வார மருந்து. இந்த முறை கன்னத்தில் ஒதுக்காமல் விழுங்கினார், நான் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். கடைசி நாட்களில் ஒரு சிக்கல் வந்தது. கிருமி செத்ததும் மாடத்தியின் உடம்பிலும் செக்கருக்கு வெறி வந்துவிட்டதோ என்னவோ, மேலெல்லாம் தடித்து, முகம் வீங்கிப் போயிற்று. மருந்துகளில் முக்கியமான மாத்திரையே அவருக்கு அலர்ஜியாகிவிட்டது. எப்படியோ சமாளித்துக் கரையேற்றினோம். ஊதிப் பார்த்ததில் கிருமி இல்லை.

“தப்பிச்சிட்டீங்க. ஆனா ஒண்ணு” என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். “இந்த மாத்திரை இனிமே உங்களுக்கு ஆகவே ஆகாது. அது இல்லாம மத்ததெல்லாம் அரைகுறை. மறுபடி கிருமி வந்தா எங்ககிட்ட நல்ல ஆயுதம் இல்லை. உங்க வயித்துச் சுவர் இன்னொரு ரவுண்டு தாங்காது. ஜாக்கிரதை.”

“இனி யார்ட்ட இருந்து வரப் போவுது? ஊர்லயே நான் ஒருத்திதான” என்று சிரித்தார் மாடத்தி.

இந்த முறை அவசரப்படாமல் காத்திருந்து, அந்த வாரம்தான் நிறைமதியை ஊதச் சொன்னோம். கிருமி இருந்தது. லேசாக அல்ல, ஜாம்ஜாமென்று இருந்தது.

மையத்தில் ஒரே கொண்டாட்டம். என் மேலதிகாரி சென்னையிலிருந்து போனில் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மூன்றாவது கேப்சூலில் நாங்கள் புதிதாக ஒன்றும் செய்திருக்கவில்லை. பிள்ளை வயிற்றில் இருந்த கிருமியை எடுத்துப் பார்த்தேன். தட்டில் வளர்ந்த பயல்களின் அடையாளம் ஒன்றுகூட அதில் இல்லை. இது நேரே மாடத்தியின் வயிற்றிலிருந்து வந்தது.

பிள்ளையிடமே கேட்டேன். “அன்னைக்கு மரத்தடியில் கண்டக்டர் அத்தை ஏதாவது தின்னக் குடுத்தாங்களா?”

“கொய்யாக்கா. ஒண்ணுதான் இருந்துச்சு. அத்தை காக்கா கடி கடிச்சுப் பாதி குடுத்தாங்க” என்றாள் நிறைமதி. எப்படி என்று தன் கவுன் நுனியைச் சுற்றிச் செய்தும் காட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற வித்தைதான். பண்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, துணியோடு சேர்த்துக் கடித்து உடைத்தால் அது எச்சில் இல்லை. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் இதை மறுத்து யாரும் வழக்குப் போட்டதில்லை.

டிப்போவுக்குப் போனேன். எனக்கு உண்மையாகவே கோபம்.

“தெரிஞ்சேதானே செஞ்சீங்க?”

“பிள்ளை பாதி கேட்டுச்சு, குடுத்தேன். துணி இருந்துச்சுல்ல டாக்டரே.”

“முந்தானைத் துணி, ஈரக் கொய்யா. எச்சில் ஊறி ஒழுகியிருக்கும். அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாளைக்கு அம்பது வயசில் உங்களுக்கு வந்தது அவளுக்கு வந்தால் யார் பதில் சொல்றது?”

மாடத்தி விசிலை எடுத்துத் துடைத்தார். “அம்பது வயசு வரைக்கும் மொதல்ல அது இருக்கணும்லா.”

மேலிடம் எனக்குச் சொன்ன காரணங்களெல்லாம் சரியானவை. அவர் செய்தது தப்பு. அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டாள். மூன்றையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

செண்பகவல்லியிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. சொன்னேன். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப் போயிற்று. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார்.

“துணி வச்சுத்தான கடிச்சா?”

“ஆமா.”

“அப்ப எச்சி இல்ல” என்றார், தனக்குத் தானே தீர்ப்புச் சொல்வதுபோல். “கேப்சூல்தான் கேட்டிருக்கு டாக்டர். நீங்க கண்டதையும் யோசிச்சு மனசக் கொழப்பாதீங்க.”

என் மேலதிகாரியும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் சொன்னார். அவரும் துணி போர்த்தித்தான் கடித்தார்.

சில மாதங்கள் போயின. நிறைமதிக்கு ஆஸ்பத்திரியில் வைத்து, ஊசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, கடுகளவு கடலை கொடுத்தோம். ஒன்றுமில்லை. மிளகளவு, அரைக் கடலை, முழுக் கடலை. உதடு வீங்கவில்லை. பிள்ளை, “இவ்வளவுதானா?” என்றாள். அவ்வளவுதான் அம்மா, இதற்காகத்தான் ஊரே அல்லாடியது.

செண்பகவல்லி வீட்டைப் பட்டறைக்கே மாற்றிக்கொண்டு வந்தார். பால் காய்ச்சும் நாளுக்கு என்னைக் கூப்பிட்டார். மாடத்தியைக் கூப்பிடச் சொல்லி மகள் உருண்டு புரண்டு அழுததால் அவரையும் கூப்பிட்டிருந்தார். வெல்லப்பாகு வாசம் தெருமுனை வரை வந்தது. நிறைமதி பட்டறைக்குள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். குளிக்காத, தலை நிறையக் கடலைத் தூளோடு இருந்த அம்மாவின் இடுப்பை. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கு டம்ளரில் காப்பி வந்தது. மாடத்திக்குக் காகிதக் கப் வந்தது. பட்டறை முழுக்க விருந்தாளிகள், வேறு காகிதக் கப் ஒன்று கூட இல்லை. மாடத்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நிறைமதி ஓடி வந்தாள். கையில் ஒரு கடலை மிட்டாய், அவள் வாழ்க்கையின் முதல் முழுக் கடலை மிட்டாய். மாடத்தியின் முன்னால் நின்று, கவுன் நுனியை அதன் மேல் சுற்றி, கடைவாயில் வைத்து முழு மூச்சோடு கடித்தாள். முதலில் உடையவில்லை. திருப்பி வைத்துச் சப்பிக் கடித்தாள். கவுன் நனைந்து பாகு ஒட்டியது. ஒருவழியாகப் படக்கென்று இரண்டானது.

பெரிய பாதியை நீட்டினாள். “அத்தைக்கு. காக்கா கடிதான். எச்சி இல்ல.”

இப்போது ஊரில் அந்தக் கிருமி இருக்கும் ஒரே வயிறு அந்தப் பிள்ளையுடையது. “மாடத்தியம்மா” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? எச்சில், வேண்டாம் என்றா? அந்த வீட்டில், அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக, அந்தக் காகிதக் கப்பைக் கையில் வைத்திருக்கும் பெண்ணிடம்?

செண்பகவல்லியும் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மாடத்தியிடம் சொன்னது அவருக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். மகளைத் தடுக்க ஓர் அடி எடுத்து வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மாடத்தி மிட்டாயைப் பார்த்தார். நிறைமதியைப் பார்த்தார். கப்பைக் கீழே வைத்துவிட்டு, மிட்டாயை வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்லாருக்கா அத்தை?”

“பிரமாதம் தாயி” என்று மென்றுகொண்டே சொன்னவருக்குக் கடலைத் தூள் தொண்டையில் சிக்கிப் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினார். செண்பகவல்லி சட்டென்று கைக்கு எட்டிய டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினார். நிறைமதியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்.

மாடத்தி அதை அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா வெளக்கி வைங்கம்மா. கிருமி ஒட்டியிருக்கும்.”

“யாரோட கிருமி அத்தை?” என்றாள் நிறைமதி.

“உன்னோடதுதான்” என்றார் மாடத்தி.

செண்பகவல்லி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் மறுவாரம் மாடத்தியை ஊத வரச் சொன்னேன். வந்தார். “இந்தத் தடவை டிரைவர் இல்ல, நானேதான்” என்று பையை வாங்கி ஊதினார்.